சத்தம்: இல்லை

கம்பத்தில் ஏறி வெளிச்சம் கொடுப்பது என் வேலை.
லீவு நாளில்
வெளிச்சமில்லாத இடம் தேடி
நாற்பது கிலோமீற்றர் வருகிறேன்.
சறூக் இதைச் சொல்லிச் சிரிக்காத பயணமில்லை.

திரியாய்க்கு மேற்கே, வற்றின குளத்தின் நடுவில்
ஓட்டோவை நிறுத்தினோம்.
காய்ந்த சேறு ஓடு ஓடாய்க் காலடியில் உடைந்தது.
பிவிசி குழாய்,
ஆறு மாதம் அவன் இருந்து தேய்த்த கண்ணாடி,
அடியில் தையல் மெஷின் சில்லு ஒன்று.
வெள்ளி பார்க்கிறது என்று சாவடியில் சொன்னபோது
அந்தச் சிப்பாய்ப் பெடியன்
குழாயின் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றான்.
பிறகு விட்டான்.

டோர்ச்சுக்குச் சிவப்பு டொபித் தாள்.
நுளம்புத்திரியின் நுனி.
வேறு வெளிச்சமே இல்லை என்று சொல்ல ஏலாது:
தெற்கே தாழ, பாலை மரங்களுக்கு மேல்
மங்கலாய் ஒரு மஞ்சள்.
துறைமுகம், மா ஆலை,
மடத்தடிச் சந்தியில் போன மாதம் நான் பூட்டிய
பதினொரு விளக்கு.
தென்சிலுவையின் காலில் அது பட்டிருந்தது.
"உங்கட வேலைதான்" என்றாள் வசீகலா.
நான் மறுக்கவில்லை.

பத்தரைக்கு ஒமேகாக் கொத்து.
வெறுங்கண்ணுக்கு, எச்சில் தொட்டுத் துடைத்த கறை.
குழாய்க்குள்
உப்பளப் பாத்தியில் முதல்நாள் பூத்த உப்பு.
பார்த்திருக்கவே ஓரத்தால் வழுகிப் போகும்;
தட்டித் தட்டித் திருப்ப வேண்டும்,
தூங்குகிற பிள்ளையைப் புரட்டுவது போல.

ஒரு மணி இருக்கும்.
குளக்கட்டுக்கு மேல் நின்ற ஐந்தாறு வெள்ளிகள்
இல்லை.
முகில் என்று நினைத்தேன்.
முகிலுக்குக் காது அசையாது.
சறூக் நுளம்புத்திரியைச் செருப்பால் நசித்தான்.
ஓட்டோவுக்குள் மூன்று பேர், முழங்கால் முட்ட.
கொப்பு முறிகிற சத்தம். பிறகு அதுவுமில்லை.
கட்டுக்கு மேல் ஒரு வெள்ளி வந்தது.
இன்னும் இரண்டு.
வால் பக்கத்து வெள்ளி வர நெடுநேரம் எடுத்தது.
அதற்குப் பிறகுதான் இருமினேன்.

மூன்று மணிக்கு எரிகற்கள்.
மே முதல் கிழமையில் வருகிறவை.
முதலாவது, வானத்தை நெடுகக் கீறிக்கொண்டு போனது.
சறூக் "யா அல்லாஹ்" என்றான்.
வசீகலா எண்ணினாள்.
ஒன்று, இரண்டு, மூன்று,
உதடு மட்டும்.
எனக்கும் தெரியும் அந்தக் கணக்கு:
வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையில் எத்தனை,
பங்கருக்கு எத்தனை.
பதினேழில் நிறுத்தினாள்.

கொப்பிக்கு நான் டோர்ச் பிடித்தேன்.
நேரம்: மூன்று பன்னிரண்டு.
கிழக்கிலிருந்து வடக்கு. மஞ்சள்.
கடைசி நிரல் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது,
அடிமட்டம் வைத்து அவளே கோடு போட்டது:
சத்தம்.
இல்லை, என்று எழுதினாள்.
அடுத்ததற்கும் இல்லை.

விடியும்வரை இருபத்தாறு.
ஸ்டார்ட் வராத ஓட்டோவைத்
தள்ளிக்கொண்டு கட்டேறும்போது சொன்னாள்:
"ரெண்டை நான் எண்ணேல்ல.
தேத்தண்ணி ஊத்திக்கொண்டு இருந்திட்டன்."