செங்குத்து

முப்பத்தோரு பேர் இன்றைக்கு.
கைக்குழந்தை ஒன்று, சர்க்கரையில் நரம்பு ஒளிந்துபோன கிழவர்,
ஊசியைப் பார்க்காமல் கூரையை எண்ணிய போலீஸ்காரன்.
எல்லாருக்கும் ஒரே குத்து.
ஒருவருக்கு மட்டும் இரண்டு,
அதுவும் அவர் கையை இழுத்துக்கொண்டதால்.

அப்படிப்பட்ட கைக்கு
கியாட் பலகையில் ஒரு துளை நேராக வரவில்லை.

தூனி ஆட்டத்துக்குப் புள்ளிப் பலகை செய்துகொண்டிருந்தேன்.
அந்தப் பக்கம் பன்னிரண்டு துளை.
இந்தப் பக்கம் பதினொன்றோடு நிறுத்திவிட்டேன்.
முளைகளைச் செருகினால்
காற்றடித்த கரும்பு மாதிரி நிற்கின்றன.
லோகன் செட்டி சீட்டை முகத்துக்கு மறைத்துக்கொண்டு சொன்னார்:
"எங்க பக்கம்தான் சாயுது. நாங்க ஜெயிச்சிட்டோம்."

"எழுநூறு ராண்டுக்கு ஸ்டாண்டு வருது,
இருக்கிற டிரில்லையே மாட்டிக்கோ" என்றார் பூபாலன்.
மாட்டினேன்.
அது என்னைவிட அதிகம் நடுங்கியது.

உம்கேனி சாலைக் கடையில் புதுசு ஒன்று,
பச்சை வர்ணம், மேசைமேல் சிவப்பு லேசர் சிலுவை.
விற்கிற பையன் சிலுவையைக் காட்டினான்.
பிட்டை இறக்கச் சொன்னேன்.
முனை இரண்டு மில்லி தள்ளி உட்கார்ந்தது.
"திருகிச் சரிபண்ணிக்கலாம் ஆன்ட்டி."
இரண்டு மில்லி தள்ளினால் என் வேலையில்
நீல வீக்கம், பஞ்சு, மன்னிப்பு.
மேலும் அது ஐம்பது மில்லிக்குமேல் இறங்காது.
என் பெஞ்சுக் கால் எழுபது.

ப்ளஃபில் மிஸ்டர் பிரின்ஸ்லூ பெர்த்துக்குக் குடிபோகிறார்.
கூட வராதவை மூன்று:
பிரை அடுப்பு, அம்மா, இது.
என் உயரத்துக்கு வார்ப்பிரும்பு.
அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைப்பையில் வளைத்த சைக்கிள் கம்பி வைத்திருந்தேன்.
சக்கில் இறுக்கி, மேசையில் லேப் சீட்டு ஒன்றைப் பரப்பி,
கையால் மெல்லச் சுற்றினேன்.
கிழக்கே, கடல் பக்கம், தாளை உரசியது.
தெற்கே உரசியது.
மேற்கே, எண்ணெய்த் தொட்டிகள் பக்கம், மூச்சுவிடாமல் நின்றேன்,
உரசியது.
வடக்கே, அவர் அம்மா பக்கம், அதே உரசல்.
விலை பேச மறந்துவிட்டேன்.

பக்கி வண்டியில் ஏற்றிக் கட்டியபிறகுதான் செருகியைப் பார்த்தேன்.
அதற்கு ஐந்து கால்.
மெர்பேங்கில் எங்கள் சுவருக்கு மூன்று துளை.

பூபாலன் ஒன்றும் சொல்லவில்லை.
அவருடைய கொரொல்லா இப்போது வெளியே நிற்கிறது,
குரங்குகள் வைப்பரைப் பிடித்து இழுக்கின்றன.
ஒற்றை ஃபேஸ் மோட்டாருக்குச் சம்பளம் வரவேண்டும்.

ராத்திரி எட்டுக்குத் தெருவே அணைந்தது.
ஐந்து காலும் மூன்று துளையும் ஒன்றாகிவிட்ட நேரம்.
டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு
மூடியைத் தூக்கினேன். பெல்ட்டைக் கழற்றினேன்.
இடக்கை கப்பியில், வலக்கை கைப்பிடியில்.
கியாட் சுருள்சுருளாக,
டீ வாசனையோடு ஏறி வந்தது.
எவ்வளவு நேரமென்று தெரியாது. எச்சில் வழிந்தது.

பன்னிரண்டாவது துளை.
முளையை மேலே வைத்துக் கையை விட்டேன்.
தன் எடையில் தானே இறங்கி
நின்றது.

மற்ற பதினொன்றும்
அதைப் பார்க்கத்தான் சாய்ந்திருக்கின்றன போல.