விரற்கடை

நாரினுக்கு வெளியே, மைனஸ் பதினொன்று.
பழைய உவாஸ் ஜீப்பின் அடியில்
மல்லாந்து கிடக்கிறேன்.
"ஆட்டு" என்கிறேன்.
மேலே புருல்சா ஸ்டீயரிங்கை ஆட்டுகிறாள்,
இடம், வலம், இடம்.
விரற்கடை அளவு ஓடியபின்தான் சக்கரத்துக்குச் சேதி வருகிறது.

டை ராட் முனைகளை மாற்றியாயிற்று.
கிங்பின்னுக்குப் புது ஷிம்.
டயரைத் திட்டினோம், பிறகு சாலையை,
பிறகு இதை எங்கள் தலையில் கட்டிய எர்கேஷை.
ஆனாலும் அறுபதைத் தொட்டால்
முன்சக்கரம் இரண்டும் சாமி வந்தாற்போல் உதறும்.

கையுறையைக் கழற்றிவிட்டு
ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைக்கிறேன்.
இரும்பு தோலைக் கவ்வுகிறது.
இங்கே இல்லை.
இங்கேயும் இல்லை.

"ஆட்டு."

ஸ்டீயரிங் பெட்டி,
பெட்டியே நகர்கிறது.
போல்ட்டுகள் இறுக்கம்தான்;
அவை பிடித்திருக்கும் சட்டம்
மயிரிழையாய்க் கிழிந்து
திறந்து மூடுகிறது, திறந்து மூடுகிறது.
ஓரத்தில் துரு கசிந்து காய்ந்திருக்கிறது.
அதன்மேல் கறுப்புப் பெயிண்ட்.
போன கோடையில்
சீட்டியடித்தபடி நான் அடித்தது.

"ஏதாவது தெரியுதா?"
நாளை கணவாய் தாண்டி அக்கா வீட்டுக்குப் போகிறவள் கேட்கிறாள்.

"இன்னொரு தடவை ஆட்டு" என்கிறேன்,
தெரிந்த பிறகும்.