முழங்காலில் ஒன்றுமில்லை

மார்ச்சில் ஒருமுறை, மே மாதம் இன்னொருமுறை
எலிசெயோ நவெல்கினின் இடது முழங்காலைப்
படம் எடுத்தவள் நான்தான்.
இரண்டும் நல்ல படங்கள்.
அசைவில்லை, மங்கலில்லை,
பெயர், தேதி, இடது என்று காட்டும் ஈய எழுத்து
எல்லாம் இருக்கவேண்டிய மூலையில்.
முழங்காலில் ஒன்றுமில்லை என்று மருத்துவர் எழுதினார்.
பொய் எழுதவில்லை.

பன்னிரண்டு வயது. எண்பத்தொரு கிலோ.
லைத்தெக் தீவிலிருந்து படகில் வந்து
கெய்யோன் துறையில் இறங்கி
மழையோடு மேடேறுவான்.
இடது பாதம் மட்டும் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும்,
வேறு யாருடனோ புறப்பட்டதுபோல.
கடற்பாசி மூட்டை தூக்கச் சொன்னால்தான்
இந்த நொண்டல் என்றாள் அம்மா ஓர்த்தென்சியா.
அவன் மறுக்கவில்லை.

ஜூனில் புதிதாக வந்த பெண் மருத்துவர்
முழங்காலைத் தொடவேயில்லை.
மல்லாக்கப் படுக்கவைத்து
தொடையை வயிற்றுப் பக்கம் மடக்கினார்.
நேரே மேலெழ வேண்டிய கால்
தானாக வெளியே சாய்ந்தது.
இடுப்பு, என்றார் என்னைப் பார்த்து.
தவளைபோல வைத்து எடுங்கள்.

தவளைபோல விரிக்க அவனால் முடியவில்லை.
பல்லைக் கடித்தான்.
ஈய அங்கிக்குள் எனக்கு வியர்த்தது.
திரையில் படம் வந்ததும்
படிப்புக் காலத்துக் கோட்டை விரலால் இழுத்தேன்:
தொடையெலும்பின் கழுத்தை ஒட்டி மேலே போவது
உருண்டையின் ஓரத்தைக் கொஞ்சமாவது வெட்டவேண்டும்.
வலப்பக்கம் வெட்டியது.
இடப்பக்கம்
எதையும் தொடாமல் கடந்துபோனது.

வளர்வதற்கென்று உடம்பு
எலும்பாக்காமல் விட்டுவைத்த மெல்லிய தட்டு.
அங்கேதான் நழுவல்.
காயம் அங்கே, அழுகை முழங்காலில்.
பக்கத்து வீட்டுக் கடனுக்கு
இந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன்,
இருமுறை.

அதற்குமேல் அவன் நிற்கக்கூடாது.
கழிப்பறைக்குக்கூட.
சக்கர நாற்காலி வந்தது.
ஓர்த்தென்சியா அவனுடைய ரப்பர் பூட்ஸைக் கழற்றி
ஈரத்தோடு மடியில் வைத்துக்கொண்டாள்.
பேசவில்லை.

புவெர்த்தோ மோந்த் அறுவை அறையில் நான் இல்லை.
அறிக்கை வந்தது, படித்தேன்.
நழுவியதைத் தள்ளி ஏற்ற முயலவில்லை.
தள்ளினால் உருண்டைக்கு ரத்தம் கொண்டுபோகும்
இழைகள் அறுந்துபோகலாம்,
உருண்டை செத்துவிடலாம்.
நழுவிய இடத்திலேயே நிறுத்தினோம்.
முதலில் ஒரு மெல்லிய கம்பி,
நிழலில் பார்த்துப் பார்த்து;
அதன்மேல் நடுத்துளைத் திருகாணி ஒன்று,
புரிகள் தட்டைத் தாண்டி உள்ளே போகும்வரை.

நழுவிய இடத்திலேயே.
சாப்பாட்டு இடைவேளையில்
காபி ஆறும்வரை அந்தச் சொற்களிலேயே இருந்தேன்.

வலதுக்கும் ஒன்று போடலாமா என்று
அவர்கள் கேட்டார்களாம்.
வலது இன்னும் நழுவவில்லை. நழுவலாம்.
நல்ல காலில் எதற்கு இரும்பு என்று
அப்பா படகிலிருந்து போனில் கத்தினாராம்.
ஓர்த்தென்சியா படிவத்தை
விடியும்வரை கையில் வைத்திருந்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டாள்.
இந்தக் கால் நொண்டுகிறவரைக்கும்
நான் திட்டிக்கொண்டிருக்க மாட்டேன், என்றாளாம்.

ஜனவரியில் வந்தான். ஊன்றுகோல் இல்லை.
பாதம் இன்னும் சற்று வெளியே பார்க்கிறது,
அது இனி அப்படித்தான்.
இரண்டு திருகாணிகளும் வெள்ளை வெளேரென்று படத்தில்.
தட்டு இருந்த கருங்கோடு
இடப்பக்கம் தூரத் தொடங்கியிருந்தது.
அந்த இடத்தில் வளர்ச்சி முடிந்தது.

திரையை அவனும் எட்டிப் பார்த்தான்.
நான் குள்ளமாகிவிடுவேனா?

கொஞ்சம், என்றேன்.
இடுப்பில் வளர்வது குறைவுதான்,
கால் நீள்வதில் பெரும்பங்கு முழங்காலில்.

பூட்ஸை மாட்டிக்கொண்டே சொன்னான்:
அங்கேதான் ஒன்றுமில்லை என்றீர்களே.