இரண்டு வாளி

மூன்றாம் வருடமும் மழை ஏமாற்றிய பிப்ரவரியில்
பாரிடேலுக்கு அப்பால், ஃபூரியின் பண்ணைக் கொல்லையில்
ஓடை குட்டைகளாக உடைந்து கிடந்தது.
திங்கட்கிழமை ஏழு குட்டை.
வியாழக்கிழமை நான்கு.
நாலாவதில் கணுக்கால் நனையவில்லை.

ஃபூரி தொப்பியைப் பின்னால் தள்ளிச் சொன்னார்:
மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஓடை இருக்கிறது, வற்றாது.
அதிலும் இதே மீன்தான்.
லாரியில் இருபது நிமிடம்.
கொண்டுபோய்க் கொட்டிவிட்டு
வந்து காப்பி குடியுங்கள்.

அதே சிவந்த துடுப்பு.
அதே மீசை, அதே விரல் நீளம்,
கை நிழல் பட்டதும்
அதே கல்லடியில் அதே பதுங்கல்.
செதில்களை நானே எண்ணியிருக்கிறேன்,
கண் எரிய எரிய, இரண்டு பக்கத்து மீனுக்கும்.
வித்தியாசம் இல்லை.
மக்காண்டாவின் நிலவறையில்
இரண்டு ஓடையும் ஒரே புட்டிக்குள்
எண்பது வருடமாக நிற்கின்றன,
ஒரே லேபிள், ஒரே மைக்கறை.

ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்
என்றுதான் எவரும் சொல்வார்கள்.
போன மே மாதம் வரை நானும் சொன்னேன்.

பிறகு, நகம் வெட்டிய துணுக்கு அளவு
துடுப்பின் ஓரம்.
சாராயத்தில் ஊறி, சூட்டில் பிரிந்து,
திரையில் வந்தது:
நாலே எழுத்து.
நமக்கு இருநூற்று நாற்பத்தேழு, அவற்றுக்கு நாலு.
அந்த நாலை வைத்துக்கொண்டு
வெளியே ஒரு புள்ளிகூட மாற்றாமல்
உள்ளே ஒவ்வொரு பக்கமாக
வேறு வேறு கதை எழுதியிருந்தன.
இந்த ஓடையும் அந்த ஓடையும்
கடைசியாகப் பேசிக்கொண்டபோது
வேலி இல்லை, ஃபூரி இல்லை,
தீ மூட்டத் தெரிந்த எவரும்
இந்த மலையில் இல்லை.

மாதிரியை மாற்றிவிட்டேன் என்று நினைத்து
மூன்று முறை திரும்பச் செய்தேன்.
மூன்று முறையும் அதே பிளவு.

எங்கள் ஆட்களையும் அப்படித்தான்,
டர்பன் துறையில் ஒரு குமாஸ்தா
ஆற்காடு, சித்தூர், தஞ்சாவூர் எல்லாவற்றையும்
மதராஸ் என்று ஒரே வார்த்தையில் போட்டு மூடினான்.
கவுண்டர், கவெண்டர் ஆனது அங்கேதான்.
அதைப் பற்றி இன்னொரு நாள்.
குட்டையில் காற்று குறைகிறது,
மீன்கள் வாயை மேலே தூக்குகின்றன.

'அந்தப் பக்கம் வேண்டாம்' என்றேன்.
'செத்துப் போகும்' என்றார்.
'கொட்டினாலும் செத்துப் போகும்,
மெதுவாக,
நமக்குத் தெரியாமல்' என்றேன்.
என் ஆப்பிரிக்கான்ஸில் அது
இன்னும் முரட்டுத்தனமாக ஒலித்திருக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
காசுக்காகச் சொன்ன பழமொழி.
மீனுக்காகவும் சொன்னதோ என்னவோ.

நொலுதாண்டோ வலை பிடித்தாள்.
இரண்டு வாளி, நாற்பத்தொரு மீன்.
எண்ணும்போது அவள் உதடு அசையவில்லை,
கணக்கு ஒன்றுகூடப் பிசகவில்லை.
பண்ணை அணையில் விட முடியாது,
அங்கே யாரோ தூண்டில் விளையாட்டுக்கு வளர்த்த
பாஸ் மீன், வாய் திறந்தபடி.
மிஞ்சியது ஆடு குடிக்கும் சிமெண்டுத் தொட்டி.
காற்றாலை நின்று நின்று சொட்டும் நீர்.
அதிலே விட்டோம்.

விடிந்ததும் முப்பத்தொன்பது.
மிதந்த இரண்டையும்
புதிய புட்டியில் போட்டேன், தனியாக.
இடம் எழுதினேன். தேதி எழுதினேன்.
பெயர் என்ற கட்டத்தில்
பேனா சற்று நேரம் நின்றது.
காலியாக விட்டேன்.

தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு
ஃபூரி கேட்டார், இது என்ன மீன் அப்போது?
இன்னும் தெரியாது என்றேன்.

அவர் எதுவும் பேசவில்லை.
வாசல் கம்பியை இழுத்துக் கட்டினார்.
ஆடுகள் அன்றைக்கு
கீழ்க்கேட்டைச் சுற்றிக்கொண்டு
தண்ணீருக்குப் போயின.