ஒன்பது நாள் கப்பல்

கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் அடிவயிற்றை
ஒலியால் தடவிப் பார்ப்பது என் வேலை.
வியாழன் காலை, ஏழாவது கோட்டில்,
திரையில் பதினான்கு மீட்டர் நிழல்.
மரம் என்றான் லியோங்.
மரத்துக்குப் பீரங்கிப் பீடம் இருக்காது.

அதைக் கப்பல் என்றால் கப்பல்கள் சிரிக்கும்.
அன்னாசி ஏற்றிய விசைப்படகு.
நாற்பத்திரண்டு, சனவரி கடைசி நாள்,
சாம்பல் சாயம் பூசி
மூக்கில் ஒரு துப்பாக்கியைத் திருகி
எண் கொடுத்திருக்கிறார்கள். பெயர் வைக்க நேரமில்லை.
எஞ்சின்காரர் சூசைமரியான் மட்டும்
சனியனே என்று கூப்பிட்டிருப்பார்.
அந்த மாதிரி எஞ்சினை வேறு எப்படிக் கூப்பிடுவது?

காப்பகத்தில் ஒற்றைத் தாள் கிடைத்தது.
முதல் நாள்: கிளம்பவில்லை.
இரண்டாம் நாள்: கிளம்பியது.
நான்காம் நாள், எதிர்க்கரையில் ஏதோ அசைய
மூன்று குண்டுகள்.
எதிரியா, காற்றில் ஆடிய கண்டல் மரமா,
எழுதியவரே ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.
(காப்புறுதிக் கம்பெனிக் கணக்கர் அவர்,
அந்த வாரம் மட்டும் லெப்டினன்ட்.)
ஆறாம் நாள் மத்தி மீன் டப்பா இரண்டு பாக்கி.
ஏழாம் நாளைப் பற்றி ஒன்றுமில்லை.
எட்டாம் நாள் சுக்கானில் இருந்த ஜுமாட்டுக்குக் காய்ச்சல்,
இருந்தும் சுக்கானில் ஜுமாட்.

ஒன்பதாம் இரவு
வடக்கே வானம் பழுத்துக் கிடந்தபோது
உத்தரவு வந்தது: மூழ்கடி.
சூசைமரியான் கீழே இறங்கி
அடித்துளையைத் திறந்தார்.
ஒன்பது நாளாய்த் தண்ணீரை வெளியே நிறுத்தப் பாடுபட்டவர்
தன் கையாலேயே உள்ளே வா என்றார்.

தாளின் மறுபக்கம் சம்பளப் பட்டியல்.
ஒன்பது நாள் கூலி, நான்கு பெயர்கள்.
பெற்றுக்கொண்டதற்கான கட்டங்கள்
நான்கும் வெள்ளை.

அப்போது இது ஏரி இல்லை.
அலை ஏறி இறங்கும் உப்பாற்று வாய்.
பிறகுதான் அணை வந்தது,
உப்பு விலகியது, கெளுத்தி வந்தது,
வார இறுதித் தூண்டில்காரர்கள் வந்தார்கள்.
கடலில் போரிடப் போன படகு
நகர்ந்து எங்கும் போகாமலேயே
ஏரிக்குள் வந்து சேர்ந்துவிட்டது.

மதியம் கரையில் நாசி லெமாக் பொட்டலம்.
புட்டியைத் திறந்து குடித்தேன்.
வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர்.
எங்கிருந்து வருகிறது என்று
மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடத் தெரியும்.
இரும்புச் சுவை எதுவும் இல்லை.
வடிகட்டிகள் நல்லவை.

படிவம் கேட்டது:
தடையின் வகை. உயரம். அபாயம்.
ஒன்று புள்ளி மூன்று மீட்டர் என்றெழுதினேன்.
அபாயம் இல்லை என்றெழுதினேன்.
அந்தத் துளை இன்னும் திறந்தே இருக்கும்,
மூடச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை.
அதற்குப் படிவத்தில் இடமில்லை.

லியோங் மணி பார்த்தான்.
எட்டாவது கோட்டுக்குப் படகைத் திருப்பினோம்.