கோலப்பன் மரம் வெட்டமாட்டான்

குலசேகரத்தில் ஐப்பசி மழை பிடித்தால்
பால்வெட்டு கிடையாது.
முதலாளி இந்த வருஷமும் மரங்களுக்கு
பிளாஸ்டிக் பாவாடை கட்டவில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு மரம் சும்மா நிற்கிறது,
சிரட்டை நிறைய மழைத்தண்ணீர்.
நானும் சும்மா.

தக்கலையில் பிரிண்ட் போடும் கடை ஜெஸ்லின்தான்
என் பழைய லேப்டாப்பில் அந்தத் தீவை ஏற்றித் தந்தாள்.
"ஆளை நீயே உண்டாக்கணும்.
உண்டாக்கின பொறவு நீ கெடையாது, அவன்தான்.
அவனுக்குத் தெரியாதது ஒனக்கும் தெரியாது,
கேட்டியா?"

மூக்கு, தாடை, தோளின் அகலம்
எல்லாவற்றுக்கும் இழுக்க ஒரு கோடு இருந்தது.
மூக்கை மட்டும் இழுத்துக்கொண்டே போனேன்.
பெயர் கோலப்பன்.
வயது நாற்பத்தொன்று.
கப்பலில் கணக்கெழுதியவன், கப்பல் போய்
கணக்குப் புத்தகத்தோடு கரையொதுங்கியவன்.
இடது காது மந்தம்.
கடைசியாக ஒரு கட்டம் காலியாய்க் கிடந்தது:
இவன் செத்தாலும் செய்யாத காரியம் எது?
விரல்தான் அடித்தது, நான் இல்லை:
மரத்தின்மேல் இரும்பு வைக்கமாட்டான்.

"என்னத்துக்கு லே?" என்றாள்.
அது கோலப்பனுக்குத் தெரியும் என்றேன்.

அந்தத் தீவில் முதல் வேலையே மரம் வெட்டுவது.
வெட்டினால் கோடாலிக்குப் பிடி,
பிடி இருந்தால் இன்னும் மரம்,
மரம் இருந்தால் குடிசை, கட்டில், கதவு, வள்ளம்.
சார்ஜாவிலிருந்து விளையாடும் றெஜி,
ஒற்றைக்கண் கடற்கொள்ளைக்காரன்,
நாலே நாளில் மாடிவீடு கட்டிவிட்டான்.
ஜெஸ்லின் பல்லில்லாத வைத்தியச்சி.
எந்தக் காய்ச்சலுக்கும் ஒரே இலை.
கோலப்பன் கடற்கரையில் குனிந்து குனிந்து
ஒதுங்கிய சுள்ளி பொறுக்கினான்.
ராத்திரி குளிரில் திரையின் ஓரம் நீலமாகும்.
இரண்டு தடவை ஓநாய் தின்றது.
இரண்டு தடவையும் கரையொதுங்கினான்,
புத்தகம் நனையாமல்.

றெஜி வேஷம் கலைந்து சிரித்தான்:
"லே, நீ வெட்டுக்காரன்தானே!"
கோலப்பன் அடித்தான்:
ஐயா, யாரைச் சொல்கிறீர்கள்? நான் கணக்கன்.

பிறகு மூன்று நாள் மழை விட்டது.

அதிகாலை மூன்று மணி, நெற்றியில் லைட்டு,
கையில் கத்தி.
பட்டை சுருண்டு விழ, பால் வரி பிடித்து இறங்கும்.
ஆழம் விரலுக்குத் தெரியும்;
ஒரு நூல் கூடினால் மரத்துக்குப் புண்.
அந்தத் தீவில் ஒரு வழக்கம் உண்டு,
நாம் வெளியேறினாலும் உடம்பு அங்கேயே கிடக்கும்.
நான் இங்கே வெட்ட வெட்ட
அவன் அங்கே குகையில் வாய்பிளந்து தூங்குகிறான்,
கதவில்லாமல், ஓநாய்க்கு நேராக.
இருநூற்றேழாவது மரத்தில் நின்று
வலது காதைச் சாய்த்துப் பார்த்தேன்.
சொட்டு. சொட்டு.
எனக்கு இரண்டு காதும் கேட்கும்.
இருநூற்றெட்டுக்குப் போனேன்.

நாலாம் நாள் மறுபடி மழை.
மரச்சீனி அவித்துவைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தால்
ஒரே இருட்டு.
திரை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.
சுள்ளி ஒன்றைப் பற்றவைத்தேன்.
முன்னால் கல். பின்னால் கல்.
மேலேயும் கல்.
ஒரு துண்டுப் பலகை இல்லை.
சுவருக்கு அந்தப்புறம் ஓநாய் பிறாண்டும் சத்தம்,
பிறகு அதுவும் இல்லை.

யாரங்கே? வாசல் எங்கே?

நெடுநேரம் கழித்து வைத்தியச்சி பதில் போட்டாள்:
வாசலுக்கு மரம் வேணும் ஓய்.
நீர்தான் வெட்டமாட்டீரே.

தக்கலைக் கடையைப் பூட்டி, பஸ் பிடித்து,
சாப்பிட்டு, எல்லாரும் உறங்கின பிறகு
மூன்று ராத்திரி மலையிலிருந்து
கல்லாய்ச் சுமந்திருக்கிறாள்,
அந்தப் பொக்கைவாய்க் கிழவி.

இடித்துக்கொண்டு வெளியே வரலாமா என்று கேட்கவில்லை.
கோலப்பன் புத்தகத்தை விரித்தான்.
வரவு: கல், நூற்று அறுபத்துநான்கு.
செலவு:

அதற்கு மேல் அவனுக்கு ஓடவில்லை.
சுள்ளி பாதி எரிந்திருந்தது.

அந்நேரம் போன் அடித்தது.
முதலாளி. நாளைக்கு மழை விட்டால்
வெட்டு உண்டா என்று கேட்பார்.
போன் இருந்தது இடது பக்கம்.
கோலப்பனுக்கு அந்தக் காது மந்தம்.