கதவு பூட்டு

பள்ளத்தூரில் என் வட்டத்தில்
நூற்றுப் பதினேழு வீடுகள் பூட்டியே கிடக்கின்றன.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போகிறேன்.
பித்தளைக் குமிழைத் தட்டுகிறேன்,
வெயில் ஏறிவிட்டால் தட்டாமலும் நகர்கிறேன்.
கருவியில் ‘கதவு பூட்டு’ என்று அழுத்தினால்
போன முறை வந்த தொகையே
இந்த முறைக்கும் விழும்,
உள்ளே ஒரு விளக்கும் எரியாவிட்டாலும்.

எனக்கும் அப்படி ஒரு வீடு இருக்கிறது.
பதினான்கு வருஷமாக
ஒரே தொகை கட்டிவருகிறேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை.
கவுன்சலிங் கூடத்தின் பெரிய திரையில்
கல்லூரிப் பெயர்கள், பக்கத்தில் மிச்ச இடங்கள்,
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
ஏழு ஐந்தாகி, ஐந்து ஒன்றாகி.
அப்பா மடியில் தண்ணீர் பாட்டில்.
என் பையில், நாலாய் மடித்து,
திருச்சிக் கல்லூரியின் கடிதம்:
இளம் அறிவியல், நிலவியல்.
பணம் கட்ட அன்றே கடைசி நாள்.

“கல்லைப் படிச்சு என்னத்தா செய்யப்போற?”
என்று அப்பா கேட்கவில்லை.
கேட்டிருந்தால் இன்றுவரை
அவர்மேல் சாய்ந்துகொண்டிருப்பேன்.
“எது வேணும்னு நீயே சொல்லுத்தா” என்றார்.
நான்தான் சொன்னேன்.
என் விரல்தான் அழுத்தியது.
மின்னியல்.

பழி போட ஆளில்லாத வருத்தம்
இராத்திரி எங்கே போய்ப் படுக்கும்?

எட்டு அரியர்.
மின்காந்தப் புலம் மட்டும் மூன்று முறை.
அப்புறம் கல்விக் கடன், வாரியத் தேர்வு,
இந்த வேலை, இந்த வண்டி,
வீதிக்கு வீதி ‘ஈபி அக்கா’.
நல்ல வேலைதான்.
கடைசி நாட்களில் அப்பா முகத்தில்
ஒரு நிம்மதி இருந்தது.
அதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.
எந்தக் கட்டத்தில் என்றுதான் தெரியவில்லை.

என் பெஞ்சுக்காரி சபுராம்மாள்
அந்தப் படிப்புக்கே போனாள்.
இப்போது சோழிங்கநல்லூரில்
யாரோ எழுதிய மென்பொருளைச் சோதிக்கிறாள்.
“கல்லைத் தொட்டே எட்டு வருஷமாச்சுடி.”
ரொம்ப நேரம் சிரித்தோம்.
போனை வைத்த பிறகு பார்த்தேன்,
ஆறுதலாக இல்லை.
அவளுக்காவது தொட்ட கை இருக்கிறது.

போன ஆடியில்
மேனா சூனா வீடு திறந்திருந்தது.
பினாங்கிலிருந்து பங்காளிகள்
பாகம் பிரிக்க வந்திருந்தார்கள்.
ஆறு வருஷத்தில் முதல் தடவையாக
அந்த மீட்டர் முன்னால் நின்றேன்.
ஒட்டடையை விலக்கி டார்ச் அடித்தேன்.
இரண்டு தரம் பார்த்தேன்.
பதினொரு யூனிட்.
யாரோ ஒரு நாள் வந்து மோட்டார் போட்டிருக்கலாம்.
ஆறு வருஷத்துக்கும் சேர்த்துப் பதினொன்று.

“கட்டினது திரும்பி வருமா?”
“வராது சார். இனிமே வர்றதுல கழியும்.”
சொல்லிவிட்டு வெளியே வந்து
வண்டியை எடுக்காமல் நின்றேன்.

அந்த ஞாயிறு, வீட்டில் காரணம் சொல்லாமல்,
செம்பூரான் குழிக்குப் போனேன்.
“இங்க மீட்டர் இல்லையேக்கா”
என்றான் கல் வெட்டுகிறவன்.
“தெரியும். சும்மா வந்தேன்.”
அப்போதுதான் அறுத்த கல்
ஈரம் காயாத கருப்பட்டி மாதிரி
நகத்துக்கு இடம் கொடுத்தது.
கரைகிறதையெல்லாம் மழை கொண்டுபோக
மிஞ்சி நின்ற இரும்பு அது.
காற்றுப் பட்டால்தான் இறுகும்.
இதை நான் எந்தத் தேர்வுக்கும் எழுதியதில்லை.
பழைய புத்தகக் கடைப் பாடநூல்,
மகன் தூங்கிய பிறகு,
பாதி புரிந்து, மீதியைத் தாண்டி.

கைப்பிடித் துண்டு ஒன்றைப் பையில் போட்டேன்.
கருவியோடு உரசி உரசிப்
பையெல்லாம் சிவப்பு.

திங்கட்கிழமை மறுபடி முதல் வீதி.
என் வீடு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.
பல நாள் அதே பழைய தொகைதான்.
சில நாள் மட்டும்
குமிழைத் தட்டிவிட்டு
உடனே நகராமல்
கொஞ்சம் நிற்கிறேன்.